தூங்கவைத்த கதை அச்சேறும்போது

பிள்ளையைத் தூங்கவைக்கச் சொன்ன முயல் கதையை, யானைக் கதையைப் புத்தகமாகப் போட ஆசைப்படும் அம்மா அப்பாக்களுக்கு ஐதராபாத்தில் இன்று வழி எளிது. மாதாப்பூரிலும் கொண்டாப்பூரிலும் கணினி வேலை பார்த்துக்கொண்டே, இரவில் கோப்பைத் தயார்செய்து அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியிலோ, சென்னையின் நோஷன் பிரஸ் தளத்திலோ ஏற்றிவிடலாம். ஐஎஸ்பிஎன் எண்ணையும் அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை காசு வாங்காமல் தருகிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன். என் குறையெல்லாம், சொன்ன கதைக்கும் அச்சிட்ட கதைக்கும் நடுவே நடக்க வேண்டிய வேலை பெரும்பாலும் நடப்பதில்லை என்பதுதான்.

முதலில் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘உம்’ கொட்டிக் கேட்கும் பிள்ளை, கண்டிப்பான வாசகர். எந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்தது, எந்த இடத்தில் ‘உம்’ நின்றுபோனது என்று தாய்க்குத் தெரியும். எந்தப் பதிப்பாசிரியருக்கும் இந்த அனுபவம் எளிதில் வாய்க்காது. கென்னத் கிரஹாம் தன் மகனுக்குச் சொன்ன தேரைக் கதை, 1907இல் பிரிந்திருந்தபோது கடிதங்களாகத் தொடர்ந்து, 1908இல் ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ ஆனது. அதன் உயிர் அந்தப் படுக்கையோரத்தில் பிறந்தது.

ஆனால் கிரஹாம் கடிதங்களை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடவில்லை. பியட்ரிக்ஸ் பாட்டரைப் பாருங்கள். 1893இல் தன் முன்னாள் ஆசிரியையின் நோயுற்ற மகனுக்கு அவர் எழுதிய படக் கடிதம்தான் பீட்டர் முயல். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கடிதத்தை இரவல் வாங்கி, கதையை வளர்த்தார். பதிப்பகங்கள் மறுத்தபோது, 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். 1902இல் வார்ன் நிறுவனம் அதை வண்ணத்தில் வெளியிட்டபோது வாசகத்தையும் படங்களையும் குறைத்தார். சொந்தமாக அச்சிடுவது இழுக்கல்ல என்பதற்கு அவரே சாட்சி. அச்சிட்ட பிறகும் வெட்டத் துணிந்தார் என்பதுதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது.

வாயால் சொன்னது தாளில் எங்கே நழுவுகிறது? ஓர் உதாரணம். “அணில் பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே யார் இருந்தாங்க தெரியுமா?” என்று கேட்டுவிட்டு அம்மா நிறுத்துவாள். பாம்பு, பூனை என்று பிள்ளை அடுக்கும். கதையே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. புத்தகத்திலோ அடுத்த வரியிலேயே ‘ஆந்தை’ என்ற விடை. எதிர்ப்பக்கத்தில் ஆந்தையின் படம். பிள்ளைக்கு ஊகிக்க எதுவும் மிச்சமில்லை. தேர்ந்த படப்புத்தகக்காரர்கள் கேள்வியை வலப்பக்கத்தின் கடைசியில் வைத்து, பக்கத்தைப் புரட்டிய பிறகே விடையைக் காட்டுவார்கள். அம்மாவின் மௌனத்தை அந்தப் புரட்டல் ஈடுசெய்கிறது. தாளை மடித்துத் தைப்பதால் படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் அடங்குகின்றன. அந்த அளவுக்குள் எத்தனை புரட்டல், எங்கெங்கே என்று கணக்குப் போடுவதுதான் இந்தக் கலை.

அதே அணிலின் படத்தையும் பாருங்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த படமென்றால் செம்பட்டை நிறத்தில், புதர் போன்ற வாலோடு ஐரோப்பிய அணில் வந்து நிற்கும். அடுத்த பக்கத்தில் அதன் முகமே மாறியிருக்கும். ராமர் தடவிய மூன்று கோடுகள் எங்கே என்று நம் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? இயந்திரம் ஆக்கிய எழுத்தும் படமும் உண்டா என்று 2023 செப்டம்பரிலிருந்து கேடிபி எழுதுபவரிடம் கேட்கிறது. வாங்குபவருக்கு அது தெரிவிக்கப்படுவதில்லை.

இந்தப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்படும் நீதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தூக்கம் வரும் நேரத்தில் அறிவுரை எதற்கு?

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. வீட்டில் தமிழோ, தெலுங்கோ, தக்கனி உருதுவோ பேசிச் சொன்ன கதை, அச்சேறும்போது ஆங்கிலமாகிவிடுகிறது. அதோடு கதையில் வரும் காடும் வெளிநாட்டுக் காடாக மாறிவிடுகிறது. நம் பக்கத்துக் காட்டிலோ கதைக்குப் பஞ்சமில்லை. 2025 மார்ச் கடைசியில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலியில் சுமார் 400 ஏக்கர் நிலத்தில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. மயில்கள் அலறும் ஒலியை ஊரே கைபேசியில் கேட்டது. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தியது. கச்சிபௌலிக் குழந்தை அந்த மயிலையும் புள்ளிமானையும் பற்றி இரவில் கேட்டிருக்கும். பெற்றோர் ஏதோ சொல்லியும் இருப்பார்கள். அந்தக் கதையை எழுதுங்கள், சொன்ன மொழியிலேயே. விற்பனைதான் தயக்கம் என்றால், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் உண்டு. ஓவியர்கள் வரைந்த படங்களை இலவசமாக எடுத்தாளலாம், யாரும் மொழிபெயர்க்கலாம். காசு வராது, ஆனால் கதை கிராமப் பள்ளி வரை போக வழி உண்டு.

எந்தத் தளமானாலும், பொத்தானை அழுத்தும் முன் உங்கள் குடியிருப்பில் உங்களை அத்தை என்றோ மாமா என்றோ கூப்பிடும் நாலைந்து பிள்ளைகளை உட்கார வையுங்கள். குரலை ஏற்றி இறக்காமல், தாளில் உள்ளதை மட்டும் வாசியுங்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டுமே புரிகிற செல்லப்பெயர்கள் அங்கே தானாக வெளிப்படும். நடுவில் ஒரு பிள்ளை எழுந்து விளையாடப் போனால் தடுக்காதீர்கள். எந்தப் பக்கத்தில் போனது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.