கெட்டுப்போச்சா, கெடுத்தார்களா?

சில வருஷங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் எனக்கு ஒரு டிக்கெட் வந்தது. சந்தாவை ரத்து செய்யும் பட்டன் அதுவரை ஒரே கிளிக்கில் வேலை செய்துகொண்டிருந்தது. அதை நான்கு திரைகளாக்க வேண்டும். முதல் திரையில் 'நிஜமாகவே போகிறீர்களா?', இரண்டாவதில் தள்ளுபடி, மூன்றாவதில் காரணம் கேட்கும் படிவம். நான்காவதில்தான் ரத்து, அதுவும் மங்கலான சாம்பல் நிறத்தில். இரண்டு நாள் வேலை. செய்து முடித்தேன். ரத்து செய்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது, டீமுக்கு கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

நண்பர்கள் யாராவது "இன்டர்நெட் முன்ன மாதிரி இல்லடா, கெட்டுப்போச்சு" என்று ஆரம்பித்தால் எனக்கு அந்தக் கேக்தான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். கெட்டது தன்வினை, கெடுத்தது பிறவினை. பால் தானாகக் கெடும். இணையம் பால் இல்லை. ஆனாலும் அதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தன்வினையிலேயே பேசுகிறோம். வாக்கியத்தில் எழுவாயாக நிற்க வேண்டிய ஆள் நழுவிப் போய்விடுகிறான்.

இந்தச் சரிவுக்கு 2022இல் கோரி டாக்டரோ ஒரு பெயர் வைத்தார்: என்ஷிட்டிஃபிகேஷன். ஒரு தளம் முதலில் பயனர்களிடம் நல்லபடியாக நடந்துகொள்ளும். அவர்கள் வெளியேற முடியாதபடி சிக்கியதும், அவர்களைப் பிழிந்து வியாபாரிகளுக்குக் கொடுக்கும். வியாபாரிகளும் சிக்கிய பிறகு இருவரையும் பிழிந்து எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும். அமெரிக்க டயலெக்ட் சொசைட்டி இதை 2023இன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. வரிசை ரொம்பச் சரி. ஆனால் சொல் பிரபலமான விதத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இது இயற்கை விதி இல்லை, மனிதர்கள் எடுத்த முடிவுகளின் விளைவு என்று டாக்டரோ திரும்பத் திரும்ப எழுதுகிறார். நாமோ அந்தச் சொல்லை வானிலை அறிக்கை மாதிரி பயன்படுத்துகிறோம். "எல்லாத் தளமும் ஒருநாள் இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுகிறோம்.

ஒரு பழைய கதையைப் பிறவினையில் சொல்லிப் பார்ப்போம். ஆர்.எஸ்.எஸ்.; அந்த ஆர்.எஸ்.எஸ். இல்லை, செய்தியோடை. ஒரு வலைப்பதிவில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று சொல்லும் சாதாரண எக்ஸ்எம்எல் கோப்பு. யாரிடமும் அனுமதி வாங்காமல் யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் படிக்கலாம். தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இந்த ஓடைகளை வைத்துத்தான் ஓடின. எதை முதலில் காட்டுவது என்று நடுவில் உட்கார்ந்து தீர்மானிக்க ஓர் அல்காரிதம் தேவைப்படவில்லை.

இந்த ஓடைகளைப் படிக்க 2005இல் கூகுள் ரீடர் வந்தது. இலவசம், வேகம். நிறைய பேர் மற்ற செயலிகளை விட்டுவிட்டு அங்கே குடியேறினார்கள். 2011இல் கூகுள் பிளஸ் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், நண்பர்களோடு பகிர்ந்து பேசுவதற்கு ரீடரில் இருந்த வசதிகளை நீக்கிவிட்டு கூகுள் பிளஸ் பட்டனை வைத்தார்கள். 2013 மார்ச்சில், பயன்பாடு குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லி, ஜூலை 1 அன்று மூடினார்கள். அந்த கூகுள் பிளஸும் 2019இல் போய்ச் சேர்ந்தது.

அரட்டையிலும் இதே கதை. கூகுள் டாக் எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறையில் இயங்கியது. ஜிமெயிலிலிருந்து வேறு நிறுவனத்தின் முகவரிக்கு மெயில் போகிற மாதிரி, வேறு சர்வரில் இருப்பவரோடும் பேசலாம். 2013இல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவைச் சாத்தினார்கள். வாட்ஸப்பும் எக்ஸ்எம்பிபியை மாற்றியமைத்துத்தான் கட்டப்பட்டது, வெளியாட்கள் நுழைய வழி வைக்காமல். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுத்து வீடு கட்டிவிட்டு, கிணற்றையும் காம்பவுண்டுக்குள் சேர்த்துக்கொண்ட கதைதான்.

"மக்களுக்குப் பிடிச்சிருந்தது, அங்க போனாங்க" என்று ஒரு பதில் வரும். பாதி உண்மை. ஆனால் 2021இல் மட்டும், பிரவுசர்களிலும் போன்களிலும் தானே இயல்பான தேடுபொறியாக இருப்பதற்காக கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது. இது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு. 2024 ஆகஸ்டில், தேடலில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் தாங்களாகவே தேடி வருவார்கள் என்றால் வாசலில் இவ்வளவு பணத்தைக் கொட்டுவானேன்?

பழைய வலைப்பதிவுக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் சண்டை, சாதி, அனானி வசவு எல்லாம் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம், வாசகர்களும் ஓடை வழியே பின்னால் வருவார்கள்.

எழுவாயைக் கண்டுபிடித்தால் என்ன லாபம்? ஒரு உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2015இல் ஃபேஸ்புக் தன் இலவச இணையத் திட்டத்தை இந்தியாவில் தொடங்கியபோது முதல் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அவர்கள் வழியாக வரும் சில தளங்கள் மட்டும் இலவசம், மற்றதற்குக் காசு. அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் வைத்து, முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, ட்ராய்க்கு அனுப்பவேண்டிய கடிதத்தையும் அவர்களே எழுதி நம் கையில் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே இணையச் சமநிலை கேட்டு பத்து லட்சத்துக்கு மேல் மெயில்கள் ட்ராய்க்குப் போயிருந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று இப்படிப் பாரபட்சமாகக் கட்டணம் வைப்பதை ட்ராய் தடை செய்தது. சில நாட்களில் ஃபேஸ்புக் திட்டத்தைத் திரும்பப் பெற்றது. யார் செய்கிறார்கள் என்று தெரிந்தது, அதனால் நிறுத்த முடிந்தது.

நான் எழுதிய அந்த நான்கு திரைகளுக்கும் இப்போது சட்டத்தில் பெயர் இருக்கிறது. 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் சந்தாப் பொறியும் ஒன்று.

போன மாதம் அப்பா ஊரிலிருந்து கூப்பிட்டார். ஏதோ ஒரு செயலி மாதாமாதம் காசு எடுக்கிறதாம், நிறுத்தத் தெரியவில்லை.

"நான்தாம்பா எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல."

"இல்லப்பா, நீங்க தப்பா எதையும் அமுக்கல. அது அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க."

"யாரு?"

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு கேக் கதையைச் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "சரி, இப்ப எத அமுக்கணும், சொல்லு" என்றார்.