ரோடு ஃபைட்டர்: எளிய ஆட்டம், கடினமான தேர்வு – ஒரு மறுபார்வை

ரோடு ஃபைட்டர் என்பது ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1984ஆம் ஆண்டு ஆர்கேட் கூடங்களுக்காக உருவாக்கிய கார் ஓட்டும் வீடியோ விளையாட்டு ஆகும். அடுத்த ஆண்டே, 1985இல், நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்னும் வீட்டு விளையாட்டுக் கருவிக்கும் இது வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1990களில் சிறுவர்களாக இருந்தவர்களிடம் ரோடு ஃபைட்டர் என்று சொன்னால் பலருக்கு விளங்காது. ‘டிவி கேம்ல வருமே, அந்தக் கார் கேம்’ என்றால் முகம் மலர்ந்துவிடும்.

விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் போதும் என்ற அளவுக்கு எளிமையான ஆட்டம் இது. ஆனால் முதல் சுற்றைத் தாண்டவே புதியவர் திணறிப்போவார். இந்தக் கடினம் நியாயமானதா, அல்லது காசு பிடுங்கும் தந்திரமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னணி

ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த 8-பிட் கருவி. இந்தியாவில் இதே வகைப் பெட்டிகள் சாமுராய் என்ற பெயரிலும், லிட்டில் மாஸ்டர் என்ற பெயரிலும், பெயரே இல்லாமலும் வீடுகளுக்கு வந்தன. சென்னையில் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் கிடைத்த கேசட்டுகளில் பெரும்பாலானவை உரிமை பெறாத நகல்கள். ‘9999999 இன் 1’ என்று மேலே அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் ஒரு சில ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். உருவாக்கிய நிறுவனத்தின் பெயர் பல கேசட்டுகளில் நீக்கப்பட்டிருந்தது. அதனால்தான் அட்டை கிழிந்த புத்தகத்தைப் போல, ஆக்கியவர் யாரென்று தெரியாமலே நம் பிள்ளைகள் இந்த ஆட்டத்தை அறிந்தார்கள்.

கூடுதல் சில்லுகள் ஏதும் இல்லாத அக்காலக் கேசட் ஒன்றில் அதிகபட்சம் 40 கிலோபைட் தகவலைத்தான் வைக்க முடியும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே இதைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும். ஆட்டத்தின் எளிமைக்கு இந்த இட நெருக்கடி ஒரு காரணம். கதை சொல்ல இடமில்லை, காட்சிகளை அடுக்கவும் இடமில்லை. எனவே விதிகளைக் கொண்டே சுவையை உண்டாக்க வேண்டிய கட்டாயம் உருவாக்கியவர்களுக்கு இருந்தது.

ஆடும் முறை

சாலையை மேலிருந்து பார்ப்பது போலத் திரை அமைந்திருக்கும். நம் கார் திரையின் கீழ்ப்பகுதியிலேயே இருக்கும். சாலைதான் மேலிருந்து கீழே ஓடிவரும். ஓடும் ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு மரங்கள் பின்னால் ஓடுவதாகத் தோன்றுமே, அதே உத்தி. இடம், வலம் நகர்த்தத் திசைப் பொத்தானும், வேகத்துக்கு இரண்டு பொத்தான்களும் உண்டு. அவற்றில் ஒன்று நடுத்தர வேகத்துக்கு. மற்றொன்று மணிக்கு 400 கிலோமீட்டர் வரை கொண்டுபோகும்.

எதிர்ப்படும் வண்டிகளை நிறத்தால் அடையாளம் காணலாம். மஞ்சள் கார் தன் தடத்திலேயே போகும். சிவப்புக் கார் தடம் மாறி வழியை அடைக்கும். நீலக் கார் பக்கவாட்டில் நகர்ந்து தொல்லை தரும். லாரியில் மோதினால் நம் கார் அந்த இடத்திலேயே வெடித்துவிடும். சாலையில் எண்ணெய்த் திட்டுகளும் இருக்கும். ஏறினால் வண்டி சறுக்கும். பல நிறங்களில் தோன்றும் சிறப்புக் கார் ஒன்றைத் தொட்டால் மட்டும் எரிபொருள் கூடும். ஆர்கேட் வடிவில் ஆறு சுற்றுகள். வீட்டு வடிவில் நான்கு.

உயிர்கள் இல்லாத ஆட்டம்

அக்காலத்து ஆட்டங்கள் பலவற்றில் ஆடுபவருக்கு மூன்று ‘உயிர்கள்’ தரப்படும். சூப்பர் மாரியோவிலும் காண்ட்ராவிலும் நாம் கண்ட முறை அதுதான். ஆர்கேட் கூடத்தின் வணிகத்தோடு தொடர்புடைய வழக்கம் இது. உயிர் தீர்ந்தால் அடுத்த நாணயம் போட வேண்டும். கூட்டம் நகர வேண்டும், பெட்டி நிறைய வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு நாணயத்துக்கு வேலையில்லை. ஆனாலும் வழக்கம் மட்டும் தொடர்ந்தது.

ரோடு ஃபைட்டரில் உயிர் என்ற கணக்கு கிடையாது. எத்தனை முறை வெடித்தாலும் கார் மீண்டும் சாலைக்கு வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் வேகம் சுழியத்திலிருந்து தொடங்கும்; அதற்குள் எரிபொருள் குறைந்துகொண்டே இருக்கும். மெதுவாக ஓட்டினால் பெட்ரோல் மிச்சம் என்ற நம் வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது. எரிபொருள் என்று எழுதியிருந்தாலும் அது உண்மையில் ஒரு கடிகாரம். ஆகவே ஆடுபவருக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி: வேகமாகப் போனால் மோதல், மெதுவாகப் போனால் நேரம் போய்விடும்.

தவறுக்குத் தண்டனை உண்டு. ஆனால் ஒரே தவறில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தேர்வில் ஒரு வினாவுக்கு விடை தெரியாவிட்டால் அந்த மதிப்பெண்தான் போகும். அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அடுத்த வினாக்களுக்கான நேரமும் போகும். இந்த ஆட்டத்தின் கணக்கும் அதுதான்.

சறுக்கலும் மீட்பும்

ஆட்டத்தின் சிறந்த பகுதி என்று நான் கருதுவது சறுக்கல். மற்றொரு கார் உரசினால் நம் கார் உடனே வெடிப்பதில்லை. ஒரு பக்கமாகத் திரும்பி, சாலை ஓரத்தை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கணத்தில் எதிர்த்திசைப் பொத்தானை அழுத்தினால் கார் நேராகிவிடும். அழுத்தத் தாமதமானால் ஓரத்தில் மோதி வெடிக்கும். அதாவது, தவறு நடந்த பிறகும் திருத்திக்கொள்ள ஒரு நொடிக்கும் குறைவான வாய்ப்பு தரப்படுகிறது.

புதியவர் உரசியதுமே ‘போச்சு’ என்று கையை எடுத்துவிடுவார். பழகியவர் உரசியதற்கு வருந்துவதே இல்லை. விரல் தானாக எதிர்ப்பக்கம் போகும். இருவருக்கும் உள்ள வேறுபாடு, தவறு செய்த மறுகணம் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

நெடுநேரம் மோதாமல் ஓட்டினால் கோனாமி மேன் என்ற பறக்கும் வீரன் சாலையோரமாக வந்து போவான். கூடுதல் புள்ளிகளும் கிடைக்கும். வகுப்பில் ‘சபாஷ்’ என்று ஒரு சொல் சொல்வது போன்ற சிறு பரிசு அது.

பார்வை எங்கே இருக்க வேண்டும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 400 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 111 மீட்டர். கண்டதை உணர்ந்து கை அசைவதற்கு ஒரு மனிதருக்கு ஏறக்குறைய கால் விநாடி ஆகும். உண்மைச் சாலையாக இருந்தால் அதற்குள் கார் சுமார் 28 மீட்டர் கடந்திருக்கும். திரையில் அளவுகள் வேறு என்றாலும் சிக்கல் ஒன்றுதான்: பக்கத்தில் வந்த பிறகு பார்த்தால் பயனில்லை.

புதிதாக ஆடுபவர்கள் தங்கள் காரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேர்ந்தவர்களின் கண் திரையின் மேல் பகுதியில் இருக்கும். வகுப்பில் பாடத்தை உரக்கப் படிக்கும் மாணவர்களிடமும் இதைக் காணலாம். தடையின்றிப் படிப்பவனின் கண், வாய் சொல்லும் சொல்லுக்குச் சில சொற்கள் முன்னே போய்க்கொண்டிருக்கும். எழுத்தெழுத்தாகத் தடவிப் படிப்பவனின் கண் அவன் சொல்லும் எழுத்திலேயே நிற்கும். முன்கூட்டிப் பார்க்கும் பழக்கத்தை எந்த அறிவுரையும் இல்லாமல் இந்த ஆட்டம் பழக்கிவிடுகிறது. வீடியோ விளையாட்டுத் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான நோலன் புஷ்னெல், நல்ல விளையாட்டு கற்பதற்கு எளிதாகவும் தேர்ச்சி பெறக் கடினமாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்துடையவர். நம் ஊர்ப் பம்பரத்துக்கும் பல்லாங்குழிக்கும் அது பொருந்தும். ரோடு ஃபைட்டரும் அந்த வரிசையில் வைக்கத் தக்கதே.

குறைகள்

குறைகளும் உண்டு. முதலாவது, விதிகள் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. ஓடும் கார் மோதினால் சறுக்கல் மட்டும். அசையாத சாலை ஓரத்தைத் தொட்டால் வெடிப்பு. சாலை குறுகும் இடங்களில் திருத்திக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் போகிறது. சறுக்கலில் மீளலாம் என்று கற்றுக்கொடுத்த ஆட்டமே அங்கே அந்தப் பாடத்தைக் கைவிடுகிறது.

இரண்டாவது, எரிபொருள் தரும் கார். அதைப் பிடிக்க வேண்டுமானால் மோதாதே என்ற அடிப்படை விதியை மீறி நாமே போய்த் தொட வேண்டும். சிந்தனைக்கு நல்ல சவால்தான். ஆனால் நெரிசலுக்கு நடுவே அது வந்தால் பிடிக்க முடிவது திறமையால் அல்ல, அதிர்ஷ்டத்தால்தான்.

மூன்றாவது, உண்மையான சாலைக்கு இந்தப் பாடங்கள் பொருந்தா. மற்ற வண்டிகள் எல்லாம் தடைகள் என்று கருதும் மனநிலையோடு எங்கள் அம்பத்தூர் – செங்குன்றம் சாலையில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்று மீண்டும் ஆட விரும்புவோர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய படக்குழாய் டிவியில் பொத்தானை அழுத்தியதும் கார் அசையும். இன்றைய தட்டையான டிவிகள் படத்தைப் பெரிதாக்கிச் சீர்செய்து காட்டுவதால் சிறிது தாமதம் ஏற்படும். படம் விநாடிக்கு 50 அல்லது 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. பத்தில் ஒரு விநாடி தாமதமானாலும் ஐந்து, ஆறு படங்கள் பின்தங்கிவிடுவோம். சறுக்கலில் மீள்வதற்கு அது போதாது. டிவியில் ‘கேம் மோட்’ இருந்தால் அதைப் போட்டுக்கொள்வது நல்லது. இல்லையேல் டிவியின் குறையை ஆட்டத்தின் மேல் ஏற்றிவிடுவோம்.

மீண்டும் ஆடியபோது

இந்த ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி விசித்திரமானது. என் மகன் பத்தாம் வகுப்பு படித்தபோது அவனுடைய டிவி கேமையும் கேசட்டையும் எடுத்துப் பரணில் போட்டவன் நான். பொதுத்தேர்வு முடிந்ததும் தருகிறேன் என்றேன். தேர்வு முடிந்தது, அவன் கேட்கவில்லை, நானும் தரவில்லை. கள்ளிக்குப்பம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் அது கிடைத்தது. அடாப்டரை மட்டும் புதிதாக வாங்கினேன். கேசட்டை இரண்டு முறை ஊதிப் போட்டதும் ஓடியது.

மூன்று நாள் ஆடியும் முதல் சுற்றை முடிக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்குப் பாடம் நடத்தியவனுக்கு, தோற்றுத் தோற்றுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவது எப்படி இருக்கும் என்பது மறந்தே போயிருந்தது. மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். சிரித்துவிட்டு, “வண்டி இழுக்கும்போது பயந்து கையை எடுக்காதீங்கப்பா, எதிர்ப்பக்கம் தட்டுங்க” என்றான். அன்று மாலையே முதல் சுற்று முடிந்தது.

பெற்றோர் கூட்டங்களில் ‘இந்த ஆட்டம் பிள்ளைகளின் கவனத்தைச் சிதைக்கிறது’ என்று நான் பலமுறை பேசியிருக்கிறேன். ஆடிப் பார்க்காமலே சொன்ன தீர்ப்பு அது. கவனம் சிதறினால் இதில் பத்து விநாடி கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. நேரத்தை விழுங்குகிறது என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்; அந்தக் குறை இன்றும் உண்டு. தேர்வுக் காலத்தில் எடுத்து வைத்தது தவறென்று இப்போதும் நினைக்கவில்லை. சொன்னபடி திருப்பிக் கொடுக்காததுதான் தவறு.

மதிப்பீடு

ரோடு ஃபைட்டரின் கடினம் பெரும்பகுதி நியாயமானது. விதிகள் மறைக்கப்படவில்லை. தவறின் காரணம் ஒவ்வொரு முறையும் ஆடுபவருக்கே தெரிகிறது. தவறுக்குப் பின் மீள வழியும் தரப்படுகிறது. சாலை குறுகும் இடங்களிலும் எரிபொருள் காரிலும் மட்டும் இந்த நியாயம் தளர்கிறது.

மாணவர்களுக்கு ஒரு சொல். பழைய ஆட்டம் ஒன்றை மதிப்பிட வேண்டுமானால் படங்களின் அழகை இன்றையவற்றோடு ஒப்பிட்டுப் பயனில்லை. தோற்றவரிடம் அது என்ன கேட்கிறது என்று பாருங்கள். சில ஆட்டங்கள் இன்னொரு நாணயம் கேட்கும். இந்த ஆட்டம், கையை எடுக்காமல் எதிர்ப்பக்கம் ஒருமுறை தட்டச் சொல்கிறது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் இது ஆடத் தகுந்ததாக இருப்பதற்கு அதுவே காரணம்.