உப்புக்குப் பொருந்தியது ஊருக்குப் பொருந்துமா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், நியூகாசில் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குள் நீளும் ஹண்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு சுரங்கமும் ஒரு கட்டு மேலாண்மைத் திட்டங்களோடு இயங்குகிறது: நீருக்கு ஒன்று, புழுதிக்கு ஒன்று, வெடிவைப்புக்கு ஒன்று, காட்டுயிர்களுக்கு ஒன்று, தொல்குடிகளின் பண்பாட்டுச் சின்னங்களுக்கு ஒன்று. இவையெல்லாம் வெறும் காகித வேலை என்று ஒரே அடியாக ஒதுக்குவது நியாயமல்ல. இந்த முறையால் சில தீங்குகள் உண்மையாகவே குறைந்திருக்கின்றன. ஆனால் அதே முறையை, அதற்குச் சற்றும் பொருந்தாத இழப்புகள் மீதும் போர்த்தி, 'கையாண்டுவிட்டோம்' என்று கணக்கை முடிப்பதுதான் ஆபத்து.

முதலில் அதன் வெற்றியைப் பார்க்கலாம். நிலக்கரிப் படிவங்களோடு சேர்ந்து வரும் நிலத்தடி நீர் உவர்ப்பு மிகுந்தது. சுரங்கங்கள் அதை நினைத்தபோதெல்லாம் ஆற்றில் திறந்துவிட்டால் கீழே பாசனம் செய்பவர்களின் பயிர் வீணாகும். 1995-இல் சோதனையாகத் தொடங்கி 2002-இல் சட்ட விதியான ஹண்டர் ஆற்று உவர்ப்பு வணிகத் திட்டம் இதற்கு எளிய வழி கண்டது. ஆற்றில் நீர் குறைவாக ஓடும்போது ஒரு சொட்டும் விடக்கூடாது. நீர் மிகுந்து ஓடும்போது மட்டும், ஆறு தாங்கும் உப்பின் அளவை 1000 பங்குகளாகப் பிரித்து, கையிலிருக்கும் பங்குக்கு ஏற்ப விடலாம். சிங்கிள்டன் நகரருகே மின்கடத்துத்திறன் 900 அலகைத் தாண்டக்கூடாது என்பது இலக்கு. சுரங்கங்களும் மின்நிலையங்களும் தம் பங்குகளைத் தமக்குள் விற்கலாம், வாங்கலாம். இது பலித்ததற்குக் காரணம் தெளிவு. உப்பு யார் விட்டாலும் ஒரே உப்பு. கருவி வைத்து அளக்கலாம். இன்று பிழை நேர்ந்தாலும் அடுத்த வெள்ளம் ஆற்றைக் கழுவிவிடும். புழுதியை அளக்க மேல் ஹண்டரில் 14 நிலையங்கள் நிறுவி அளவீடுகளைப் பொதுவில் வைத்ததும் இதே வகை நன்மைதான். புழுதி அதனால் நின்றுவிடவில்லை. ஆனாலும் மக்கள் கையில் எண் இருக்கிறது. கேள்வி கேட்க அது போதும்.

வார்க்வொர்த் சுரங்கத்துக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. அதன் அருகே, காற்று அடித்துச் சேர்த்த பழைய மணல்மேட்டில், கடற்கரையோரத்துக்கு உரிய பேங்க்சியா மரங்கள் இவ்வளவு உள்நாட்டில் நின்று வளரும் ஒரு காடு உண்டு. அந்த வட்டாரத்தைத் தவிர வேறெங்கும் அப்படியொரு காடு இல்லை. 2003-இல் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தபோது, அக்காட்டின் பகுதிகளையும், சுரங்கத்துக்கும் புல்கா கிராமத்துக்கும் நடுவே நின்ற சாடில்பேக் மலைமுகட்டையும் தோண்டாமல் காப்பதாக நிறுவனம் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. சில ஆண்டுகளிலேயே அதே இடங்களைத் தோண்ட விண்ணப்பம் வந்தது. 2012-இல் அனுமதியும் கிடைத்தது. புல்கா மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013-இல் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பிரையன் பிரஸ்டன் அந்த அனுமதியை ரத்து செய்தார். அழியும் காட்டுக்கு ஈடாகக் காட்டப்பட்ட நிலங்கள் உண்மையில் ஈடாகவில்லை என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. மேல்முறையீடும் 2014-இல் தோற்றது. இருந்தும், புதிய விண்ணப்பம் போட்டு 2015-இல் விரிவாக்க அனுமதி பெறப்பட்டது. நிரந்தரப் பாதுகாப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டது பன்னிரண்டே ஆண்டுகள்தான் தாங்கியது. எந்த மேலாண்மைத் திட்டத்தின் வாக்குறுதியையும் நம்பும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தொல்லியல் சின்னங்களின் கதை இன்னும் வேதனையானது. இப்பள்ளத்தாக்கின் தொல்குடிகளான வொன்னருவா மக்களின் முன்னோர் உடைத்துப் பயன்படுத்திய கற்சில்லுகள் நிலமெங்கும் கிடக்கின்றன. இயந்திரம் வருமுன் அவை கிடக்கும் இடத்தைக் குறித்து, பொறுக்கி, பையிலிட்டு, எண் எழுதி, பத்திரமாக எடுத்துவைக்கிறார்கள். கல் பிழைக்கிறது. ஆனால் எந்த ஓடையின் கரையில், எந்த மேட்டைப் பார்த்தபடி அமர்ந்து ஒருவர் அதை உடைத்தார் என்பதைச் சொல்லும் நிலம் போய்விடுகிறது. மாநில முக்கியத்துவம் வாய்ந்த திட்டம் என்று வகைப்படுத்திவிட்டால், தொல்குடிச் சின்னங்களைச் சிதைக்கப் பெற வேண்டிய தனி உரிமம்கூடத் தேவையில்லை. பதிவு செய்துகொண்ட தொல்குடிக் குழுக்களிடம் கலந்து பேச வேண்டும் என்பது விதி. அவர்கள் 'வேண்டாம்' என்றால் நிறுத்த வேண்டும் என்று விதி இல்லை.

சுரங்கம் வந்ததால்தானே ஆய்வே நடந்தது, இல்லாவிட்டால் அந்தக் கற்களை யார் கண்டிருப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நிறுவனங்கள் பணம் கொடுத்துத்தான் பல ஆய்வுகள் நடந்தன. ஆனால் அழிப்பதற்கு முன் செய்யும் ஆய்வு அழிவுக்கு நியாயமாகாது. வேலைவாய்ப்பைச் சொல்லும் வாதம் இதைவிட வலுவானது. சிங்கிள்டனிலும் மஸ்வெல்புரூக்கிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு நிலக்கரியால் எரிகிறது. அதை லேசாகப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆயினும், ஒவ்வொரு மேட்டையும் தோண்டினால்தான் வேலை என்பது பொய். தோண்டாமல் விட வேண்டிய இடமும் உண்டு என்பதற்கு ரேவன்ஸ்வொர்த் சான்று. 1830-களில் கட்டிய அந்தப் பண்ணை வீட்டைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிட்டு, அடியிலுள்ள நிலக்கரியை எடுக்க கிளென்கோர் நிறுவனம் கேட்டது. 1826-இல் குடியேறிகளுக்கும் தொல்குடிகளுக்கும் இடையே இரத்தம் சிந்திய வட்டாரம் அது. மாநிலத் திட்டத்துறை அனுமதிக்கலாம் என்றது. சுதந்திரத் திட்டமிடல் ஆணையமோ 2022 அக்டோபரில் மறுத்தது. மரபுச் சின்னத்துக்கு நேரும் இழப்பே மறுப்புக்கு முதன்மையான காரணம். அளந்து ஈடுகட்ட முடியாததைக் காக்க 'கூடாது' என்ற ஒரு சொல்லே வழி என்பதை ஓர் அரசு அமைப்பே ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது.

அந்தச் சொல் அனுமதி விசாரணையின் கடைசிப் படியில் தற்செயலாக வரக்கூடாது. எங்கே தோண்டவே கூடாது என்ற பட்டியல், நிலக்கரி தேடும் உரிமம் வழங்குவதற்கு முன்பே, வொன்னருவா மக்களின் ஒப்புதலோடு எழுதப்பட வேண்டும். மீதி நிலத்தில் நீரையும் புழுதியையும் மேலாண்மைத் திட்டங்கள் கவனிக்கட்டும். அதற்கு அவை தகுதியானவை. நியூ சவுத் வேல்ஸில் தொல்குடி மரபுரிமை இன்றும் 1974-ஆம் ஆண்டின் தேசியப் பூங்கா, காட்டுயிர்ச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. அதற்கெனத் தனிச் சட்ட வரைவு 2018-இல் வெளியானது, அது சட்டமாகவில்லை. முதலில் அதை நிறைவேற்ற வேண்டும்.