‘ஒளியியல் பயாப்சி’: ஒரு சொல்லாட்சியும் அதன் எல்லைகளும்

திறவுச்சொற்கள்: உயிர்த்திசுப் படிமமாக்கம், கன்ஃபோகல் நுண்ணோக்கி, ராமன் சிதறல், மெலனோமா, நோயறிதல், திசுநோயியல்

முன்னுரை

திசுவை வெட்டி எடுக்காமலும் சாயம் ஏற்றாமலும் ஒளியை மட்டும் கொண்டு உயிரணு அளவில் காணும் நுண்ணோக்கி முறைகள், 1990களுக்குப் பின் ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனையை நோக்கி நகர்ந்துள்ளன. இவற்றைப் பற்றிய எழுத்துகளில் ‘ஒளியியல் பயாப்சி’ என்னும் தொடர் தயக்கமின்றி ஆளப்படுகிறது. வெட்டியெடுத்த திசுவை ஆராய்ந்து எட்டும் முடிவுக்கு நிகரானதை ஒளிப்படிமமே தந்துவிடும் என்பது அத்தொடரின் உட்பொருள். அவ்வாறு கொள்ள இன்றுள்ள சான்றுகள் இடந்தருகின்றனவா என்பதை, தோலின் மெலனோமாப் புற்று, மூளைக்கட்டி ஆகிய இரு களங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் செயலும்

‘பயாப்சி’ என்னும் சொல்லை 1879இல் வழக்கிற்குக் கொணர்ந்தவர் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் எர்னஸ்ட் பெனியே. உயிர், பார்வை என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ஆயினும் பயாப்சியில் பார்க்கப்படுவது உயிருள்ள பொருளன்று. வெட்டிய திசு ஃபார்மலினில் நிலைநிறுத்தப்பட்டு, நீர் அகற்றப்பட்டு, பாரஃபின் மெழுகில் பதிக்கப்படுகிறது. பின்னர் நான்கைந்து மைக்ரான் தடிமனில் சீவப்பட்டு, ஹிமடாக்சிலின், இயோசின் ஆகிய சாயங்கள் ஏற்றப்படுகின்றன. கண்ணாடித் தகட்டை வந்தடைவது திசுவின் வடிவம் மட்டுமே. அதன் இயக்கம் வழியிலேயே நின்றுவிடுகிறது. சொற்பிறப்பை மட்டும் கொண்டு நோக்கின், பழைய முறையைவிட ஒளியியல் முறைக்கே அப்பெயர் பெரிதும் பொருந்தும். சிக்கல் சொற்பிறப்பில் இல்லை. நூற்றாண்டுக்கும் மேலாக அச்சொல் ஈட்டிய மருத்துவ அதிகாரத்தைப் புதிய கருவிக்கு அப்படியே மாற்றித் தருவதில்தான் இருக்கிறது.

கன்ஃபோகல் நுண்ணோக்கியின் அடிப்படை எளியது. குவியத்தில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து திரும்பும் ஒளியை மட்டும் ஊசித்துளை ஒன்று உள்ளே விடும். மேலும் கீழுமுள்ள அடுக்குகளிலிருந்து வரும் ஒளி தடுக்கப்படும். கத்தியால் சீவுவதை இங்கு ஒளியே செய்கிறது. மார்வின் மின்ஸ்கி 1957இல் இதற்குக் காப்புரிமை கோரினார். லேசரும் கணினியும் வளர்ந்த பின்னரே அது பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. 1995இல் மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் உடன் ஆய்வாளர்களும் உயிருள்ள மனிதத் தோலை இம்முறையில் படிமமாக்கியதோடு, மெலனின் நிறமி வலுவான வேறுபாட்டை இயல்பாகவே தருகிறது என்பதையும் காட்டினர். மெலனோமா ஆய்வில் இக்கருவி முதன்மை பெற்றதற்கு இது ஒரு காரணம்.

ஆழத்தின் தடை

திசு ஒளியைச் சிதறடிக்கும் தன்மையது. தோலில் எதிரொளிப்புக் கன்ஃபோகல் முறை எட்டும் ஆழம் ஏறத்தாழ 200 முதல் 250 மைக்ரான். அதாவது மேல்தோலும் அதற்கு அடுத்த உள்தோலின் மேற்பகுதியும் மட்டுமே தெரியும். மெலனோமாவில் நோயாளியின் போக்கையும் அறுவையின் அளவையும் பெரிதும் தீர்மானிப்பது கட்டியின் தடிமன். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ முன்வைத்த இவ்வளவீடு இன்றளவும் நிலைவகுப்பின் அடித்தளமாக உள்ளது. நடைமுறையிலுள்ள அமெரிக்க வகைப்பாட்டில் முதல் நிலையின் உட்பிரிவைப் பிரிக்கும் எல்லையே 0.8 மில்லிமீட்டர், கருவி காணும் ஆழத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே மிகத் தெளிவான படிமமும் ‘இது மெலனோமாவா’ என்னும் வினாவிற்கு விடை கூறக்கூடுமேயன்றி, ‘எவ்வளவு ஆழம் சென்றுள்ளது’ என்பதற்குப் பெரும்பாலும் விடை கூறாது. பயாப்சி என்பது இவ்விரு வினாக்களுக்கும் சேர்த்து விடையளிப்பது. பெயரை மாற்றித் தருவோர் இரண்டாவது வினாவை மறந்துவிடுகின்றனர்.

இரு ஃபோட்டான் நுண்ணோக்கி இத்தடையைச் சற்றுத் தளர்த்துகிறது. 1931இல் மரியா கோப்பெர்ட் மேயர் கோட்பாட்டளவில் காட்டிய இரட்டை உறிஞ்சலை 1990இல் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் ஆகியோர் நுண்ணோக்கியாக்கினர். அகச்சிவப்புக்கு அண்மையிலுள்ள ஒளி குறைவாகச் சிதறுவதோடு, உயிரணுவில் இயல்பாகவே உள்ள என்ஏடிஹெச் மூலக்கூற்றை ஒளிரச் செய்து வளர்சிதைமாற்றத்தின் நிலையையும் காட்டுகிறது. இறந்த திசுவின் தகடு ஒருபோதும் தர இயலாத செய்தி இது. இம்முறையின் உண்மையான வலிமை இங்கேதான் உள்ளது. ‘பயாப்சிக்கு மாற்று’ என்னும் விளம்பரமோ இதனை மறைத்துவிடுகிறது.

எண்கள் உண்மையில் கூறுவது

2018இல் வெளியான காக்ரேன் முறைசார் மீளாய்வு, டெர்மோஸ்கோப் என்னும் கைக்கருவியையும் கன்ஃபோகல் முறையையும் ஒப்பிட்டது. மெலனோமா உள்ளோரில் 90 விழுக்காட்டினரைக் கண்டறியும் நிலையில் இரண்டையும் நிறுத்தினால், நோயில்லாத புள்ளிகளைச் சரியாக விலக்கும் திறன் டெர்மோஸ்கோப்பிற்கு 42 விழுக்காடு, கன்ஃபோகல் முறைக்கு 82 விழுக்காடு என அது மதிப்பிட்டது. நோயில்லாத 100 புள்ளிகளில் முன்னதன்படி 58 வீணே வெட்டப்படும், பின்னதன்படி 18. இது சிறிய ஆதாயமன்று. எனினும் இவ்வெண்களில் இரு செய்திகள் அடங்கியுள்ளன. மெலனோமா உள்ள 100 பேரில் 10 பேர் இரு முறைகளிலும் தவறவிடப்படுகின்றனர் என்பது ஒன்று. கருவி குறைப்பது தேவையற்ற வெட்டுகளையே. தேவையான வெட்டை அது அகற்றவில்லை என்பது மற்றொன்று. மேலும், மீளாய்வில் இடம்பெற்ற ஆய்வுகள் பலவற்றில் சார்புக்கான இடர் மிகுந்தோ தெளிவின்றியோ இருந்தது.

இங்கு அளவுகோலைப் பற்றியும் ஒரு வினா எழுகிறது. ஒளியியல் முறையின் சரியும் பிழையும் திசுநோயியல் வல்லுநரின் முடிவைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. அம்முடிவு எவ்வளவு உறுதியானது? 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வொன்றில் அமெரிக்க நோயியல் வல்லுநர் 187 பேர் நிறமியணுப் புள்ளிகளின் தகடுகளைப் படித்தனர். தெளிவாகத் தீங்கற்றவற்றில் ஒருமித்த முடிவோடு 92 விழுக்காடு உடன்பாடு இருந்தது. இடைப்பட்ட மூன்று வகுப்புகளிலும் உடன்பாடு பாதியைக் கூட எட்டவில்லை. ஐயம் எங்கு மிகுதியோ, புதிய கருவி எங்குத் தேவையோ, அங்கேயே அளவுகோல் அசைகிறது. அசையும் அளவுகோலால் அளந்த துல்லியத்தைத் தசமப் புள்ளி வரை குறிப்பிடும் வழக்கம் மீள்பார்வைக்குரியது.

பழைய வண்ணத்தில் புதிய படிமம்

மூளைக்கட்டிக் களத்தில் தூண்டப்பட்ட ராமன் சிதறல் முறை குறிப்பிடத்தக்கது. கொழுப்பும் புரதமும் லேசர் ஒளிக்கு வெவ்வேறாக அதிர்வதைக் கொண்டு இது படிமம் அமைக்கிறது. 2020இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில் 278 நோயாளிகளின் திசுக்கள் இருவகையாகச் சோதிக்கப்பட்டன. ராமன் படிமத்தைக் கணினி வலைப்பின்னல் படித்தபோது துல்லியம் 94.6 விழுக்காடு, வழக்கமான முறையில் வல்லுநர் படித்தபோது 93.9 விழுக்காடு. கணினிவழி முடிவு 150 நொடிகளுக்குள் கிடைத்தது. தலையோடு திறந்த நிலையில் முடிவுக்காகக் காத்திருக்கும் அறுவை மருத்துவருக்கு இதன் பயன் வெளிப்படை.

இவ்வெற்றியைப் படிக்கும்போது இரண்டைக் கருத வேண்டும். முதலாவது, இங்கும் திசு வெட்டியெடுக்கப்பட்டே கருவியில் வைக்கப்படுகிறது. தவிர்க்கப்படுவது உறையவைத்தலும் சாயமேற்றலுமே. இரண்டாவது, ராமன் குறிகைகளுக்கு இயல்பான நிறம் இல்லை. அவை ஹிமடாக்சிலின், இயோசின் தகட்டை ஒத்த ஊதா, இளஞ்சிவப்பு வண்ணங்களில் கணினியால் தீட்டப்படுகின்றன. வல்லுநரின் பழகிய கண்ணுக்கு ஏற்ற ஏற்பாடு என்ற அளவில் இது தக்கதே. ஆனால், இரு சாயங்களும் வேதியியல் முறையில் பற்றும் இடங்களும் ராமன் குறிகை எழும் இடங்களும் ஒன்றல்ல. வண்ண ஒப்புமையைப் பொருள் ஒப்புமையாகக் கொள்ளும் இடர் இதனால் தோன்றுகிறது. கருவி புதிதாகக் காட்டக்கூடிய வேதிச்செய்தியின் ஒரு பகுதியும் பழக்கத்திற்காகக் கைவிடப்படுகிறது.

யாருடைய தோல்?

மெலனோமாச் சான்றுகள் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலுடைய மக்களிடமிருந்து திரட்டப்பட்டவை. தெற்காசியரிடையே மெலனோமா அரிது; தோன்றுமிடத்து உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் வகை குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கிறது. உள்ளங்காலின் தடித்த கொம்புப் படலத்தைக் கடப்பதிலேயே கன்ஃபோகல் ஒளியின் ஆழத்தில் பெரும்பகுதி செலவாகிவிடும். நோய் தொடங்கும் அடித்தள அடுக்கு பல வேளைகளில் தெளிவாகத் தெரியாது. ஐரோப்பிய முதுகுகளிலும் கைகால்களிலும் பெற்ற 82 விழுக்காட்டை இத்தோலுக்குப் பொருத்திக் கூற அந்த எண்ணில் ஆதாரம் ஏதுமில்லை. இங்குள்ள தோல் மருத்துவத் துறைகள் இக்கருவியை வாங்க முனையும்போது முதலில் கேட்கவேண்டியது, எந்த உடற்பகுதிகளில், எத்தகைய தோலில் அது சோதிக்கப்பட்டது என்பதே.