விரைவின் துன்பியல்: 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் இளங்காதலும் கதைப்பின்னலும்

உலக இலக்கியத்தில் பெயரளவில் அனைவராலும் அறியப்பட்டு, உள்ளடக்கத்தால் அரிதாகவே உணரப்பட்ட படைப்புகள் சில உண்டு. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' அவற்றுள் ஒன்று. அந்நாடகத்தைக் காதலின் வெற்றிப் பாடலாகக் கொண்டாடுவோர் ஒருபுறம். பெற்றோர் சொல் கேளாத பிள்ளைகளுக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கையாகக் கொள்வோர் மறுபுறம். இவ்விரு சாராரும் காதலர் இருவரை மட்டுமே நோக்குகின்றனர். அவர்களைச் சூழ்ந்து நிற்கும் பெரியவர்களை நோக்குவதில்லை. கதைப்பின்னலை ஊன்றிக் கவனிப்போமாயின், இரு கருத்துகளும் முழுமையானவையல்ல என்பது புலனாகும்.

இக்கதை ஷேக்ஸ்பியரின் சொந்தக் கற்பனையன்று. இத்தாலிய எழுத்தாளர்களான லூயிஜி டா போர்ட்டோ, மத்தேயோ பந்தெல்லோ ஆகியோர் கைகளில் வளர்ந்த இக்கதையை, ஆர்தர் புரூக் என்பார் 1562இல் ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக்கினார். அதன் முகவுரையில் அவர் பெற்றோரின் அறிவுரையைப் புறக்கணித்த காதலரைக் கடிந்துரைக்கிறார். ஷேக்ஸ்பியர் இந்தக் கவிதையையே பெரிதும் பின்பற்றினார். எனினும் இரு பெரும் மாற்றங்களைச் செய்தார். புரூக்கின் கவிதையில் பல மாதங்கள் நீளும் நிகழ்ச்சிகளை, ஒரு ஞாயிறு காலையில் தொடங்கி வியாழன் விடியலில் முடியுமாறு சுருக்கினார். புரூக்கிடம் பதினாறு வயதை எட்டும் நிலையிலிருந்த ஜூலியட்டைப் பதினான்கு நிறையாத சிறுமியாக்கினார். காலத்தைக் குறுக்கி, வயதையும் குறைத்த இவ்விரு மாற்றங்களிலேயே நாடகத்தின் பொருள் அடங்கியிருக்கிறது எனலாம்.

ஞாயிறு இரவு விருந்தில் இருவரும் சந்திக்கின்றனர். திங்கள் பிற்பகல் திருமணம் நடைபெறுகிறது. அது நடந்து ஒரு மணி நேரத்திற்குள் தெருச்சண்டையில் மெர்குஷியோ மடிகிறான். அவனைக் கொன்ற டைபால்ட்டை ரோமியோ கொல்கிறான். செவ்வாய் விடியலில் அவன் நாடு கடத்தப்பட்டவனாக மான்டுவா செல்கிறான். அன்றிரவு ஜூலியட் மயக்க மருந்தை அருந்துகிறாள். புதன் காலை அவளை இறந்தவள் எனக் கருதிக் கல்லறையில் வைக்கின்றனர். மறுநாள் பொழுது புலர்வதற்குள் இருவருமே உயிரற்ற உடல்களாகின்றனர். முடிவு இன்னதென்பதை முன்னுரைப் பாடலே அறிவித்துவிடுவதால், 'என்ன நடக்கும்' என்ற வினா பார்வையாளனுக்கு எழுவதில்லை. 'ஏன் எவராலும் தடுக்க இயலவில்லை' என்ற வினாவே எழுகிறது.

இளங்காதலின் இயல்பை ஆசிரியர் மறைக்கவில்லை. நாடகத் தொடக்கத்தில் ரோசலின் என்னும் வேறொருத்திக்காக ஏங்கித் திரிந்தவன் ரோமியோ. ஜூலியட்டைக் கண்ட கணத்தில் அவளை மறந்துவிடுகிறான். ஆயினும் இக்காதல் வெறும் மயக்கமாகக் காட்டப்படவில்லை. இருவரும் முதன்முதலாகப் பேசும் பதினான்கு அடிகளும் சேர்ந்து ஒரு முழுமையான ஈரேழ்வரிப் பாவாக அமைந்துள்ளன. ஒருவர் தொடங்கியதை மற்றவர் நிறைவு செய்யும் அந்த அமைப்பே அவர்களின் மன ஒருமைக்குச் சான்றாகிறது. அன்றிரவு இந்த உறவு மிகத் திடீரென நேர்ந்துவிட்டதோ என அஞ்சுபவளும் ஜூலியட்தான். நோக்கம் நேர்மையானதாயின் திருமணத்திற்கு நாளும் இடமும் குறித்துச் சொல்லியனுப்பு என்று தெளிவாகக் கேட்பவளும் அவளே. பதின்மூன்று வயதுச் சிறுமியிடம் காணப்படும் இந்த நிதானம், நாடகத்தின் பெரியவர்கள் பலரிடம் இல்லை.

அவளுடைய தந்தை கபுலெட்டை எடுத்துக்கொள்வோம். மணம் கேட்டு வந்த பாரிஸிடம், மகள் இன்னும் சிறியவள், இரண்டு கோடைகள் கழியட்டும், அவளது சம்மதத்தையும் பெறுக என்று முதலில் கூறியவர் அவர்தான். அதே மனிதர், டைபால்ட் இறந்த திங்கள் இரவிலேயே, மகளைக் கேளாமல் வியாழக்கிழமைக்குத் திருமணத்தை உறுதி செய்கிறார். அவள் மறுத்தபோது வீட்டைவிட்டுத் துரத்துவேன் எனச் சீறுகிறார். இணங்கியதாக அவள் நடித்தபோது மகிழ்ச்சி மிகுதியால் நாளைப் புதனுக்கு முன்தள்ளுகிறார். துறவி லாரன்ஸோ, நிதானமே நன்று, விரைந்து ஓடுவோர் இடறி விழுவர் என்று அறிவுரை பகர்ந்த அன்றே மறைவாக மணமுடித்து வைக்கிறார். வளர்த்த செவிலி, முதல் கணவனை மறந்து பாரிஸை மணந்துகொள் என எளிதாகச் சொல்லிவிடுகிறாள். தந்தை, தாய், செவிலி என ஒவ்வொரு கதவாக மூடப்பட்ட பின்னரே அச்சிறுமி மருந்துக் குப்பியை நாடுகிறாள் என்பதை நாம் மறத்தலாகாது.

இத்துன்பம் தற்செயலால் விளைந்தது. ஆகவே கதைப்பின்னல் பலவீனமானது என்று கூறுவோர் உளர். துறவியின் கடிதத்தைச் சுமந்து சென்றவர், கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டினுள் அடைக்கப்பட்டார். கடிதம் மான்டுவாவைச் சேரவில்லை. இது தற்செயல்தான். ஆயின் திருமணம் அவ்வளவு அவசரமாகக் குறிக்கப்படாதிருந்தால், தவறிய கடிதத்தை மீண்டும் அனுப்ப அவகாசம் இருந்திருக்கும். பிழையைத் திருத்திக்கொள்ளும் இடைவெளியை விரைவு விழுங்கிவிட்டது. தற்செயல் கொல்வதற்கு வழியமைத்தது அவசரமே. இதில் ரோமியோவுக்கும் பங்குண்டு: துறவியிடம் ஒரு சொல் கேளாமல் நஞ்சருந்துகிறான், அவள் கண் விழிப்பதோ அதன்பின் சிறிது நேரத்தில்.

நம் வாசகர்க்கு நன்கு அறிமுகமான லைலா மஜ்னூன் கதையோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். நிஜாமி 1188இல் பாரசீகத்தில் பாடிய அக்காவியத்திலும் பெற்றோரின் தடை உண்டு. விரும்பாத மணமும் உண்டு. ஆனால் அங்கே காலம் ஆண்டுகளாய் விரிகிறது. பாலைவனத்தின் நீண்ட பிரிவில் கைஸின் காதல் கவிதையாகவும் ஆன்மிக வேட்கையாகவும் உருமாறுகிறது. வெரோனாவின் இளையோருக்கு அத்தகைய பக்குவமடையும் காலமே வழங்கப்படவில்லை. நிஜாமியின் துயரம் காத்திருத்தலின் துயரம். ஷேக்ஸ்பியரின் துயரம் காத்திருக்க இயலாமையின் துயரம்.

இறுதிக் காட்சி இக்கருத்தை உறுதிப்படுத்துகிறது. காவலரின் ஓசை கேட்டு அஞ்சிய துறவி, ஜூலியட்டைக் கல்லறையில் தனியே விட்டு ஓடுகிறார். அந்தத் தனிமையில்தான் அவள் குத்துவாளை எடுக்கிறாள். பின்னர் இரு தந்தையரும் கைகோக்கின்றனர். ஜூலியட்டுக்குப் பொற்சிலை எழுப்புவேன் என்கிறார் மான்டேகு. ரோமியோவுக்கும் அதற்கிணையாக எழுப்புவேன் என்கிறார் கபுலெட். உயிரோடிருந்தபோது செவிகொடுத்துக் கேட்கப்படாத பிள்ளைகளுக்கு, இறந்தபின் பொன் கிடைக்கிறது. இளையோரின் விரைவைக் கடிந்துகொள்ளும் உரிமை பெரியோருக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பொறுமையைப் போதிப்போர் அதனைத் தம் நடத்தையில் முதலில் காட்டுதல் வேண்டும் என்பதையே இந்நாடகம் அவர்களிடம் திருப்பிக் கேட்கிறது.