படத்தில் காணாத சிலேட்டு

‘தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி’ (2015) படத்தை மாணவர்களுக்குக் காட்டலாமா? தாராளமாகக் காட்டலாம். ஆனா, அதில் விடுபட்டதை நீங்கதான் சொல்லித்தரணும்.

மேட் பிரவுன் இயக்கிய படம். தேவ் பட்டேல் ராமானுஜன். ஜெரமி அயர்ன்ஸ் ஹார்டி. நிரூபணம் கேட்டு ஹார்டி விடாப்பிடியாக நிற்பதைப் படம் நன்றாகக் காட்டுகிறது. அது வெறும் பிடிவாதம் அல்ல: 1913-இல் எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றி ராமானுஜன் சொன்னது உண்மையிலேயே தவறு.

குறை வேறு இடத்தில். கதை வளர்ந்த ராமானுஜனோடு தொடங்குகிறது. நாமகிரித் தாயார் அருளால் சூத்திரங்கள் வந்தன என்ற பேச்சு மனத்தில் தங்குகிறது. கும்பகோணத்து உழைப்பு தங்குவதில்லை. அவர் பக்தி உண்மை. உழைப்பும் உண்மைதானே?

1903 வாக்கில் ஜி. எஸ். கார் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. தேர்வுக்குப் படிப்போருக்கானது, ஆயிரக்கணக்கான முடிவுகள், விளக்கம் மிகக் குறைவு. மனப்பாடம் செய்ய வேண்டிய அந்தப் புத்தகத்தை அவர் புதிர்ப் புத்தகமாக்கிக்கொண்டார். ஒவ்வொன்றையும் தானே சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அந்த நோட்டுகளை விளக்க, பின்னாளில் புரூஸ் பெர்ண்ட்டுக்கு ஐந்து தொகுதிகள் தேவைப்பட்டன. அழிந்துபோன அந்தச் சிலேட்டு வரிகளில்தான் அவருடைய சந்தோஷம் இருந்தது.

இதைச் சொன்னால் மட்டும் போதாது, மாணவர்கள் ருசிக்கணும். லிட்டில் இந்தியாவில் பொங்கல் சமயத்தில் பார்க்கும் புள்ளிக்கோலமே போதும். நேர்ப்புள்ளி, 7-இல் தொடங்கி 1 வரை: நடுவரிசை 7; மேலும் கீழும் 5, 3, 1. மொத்தம் எத்தனை? 25. நடுவரிசை 9 என்றால்? 41. எண்ணாமல் எப்படிச் சொல்வது? சூத்திரத்தைத் தராதீர்கள். தாளைச் சாய்வாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். 4-க்கு 4 சதுரம் ஒன்று, அதன் இடைவெளிகளில் 3-க்கு 3 சதுரம் ஒன்று. 16+9. அடுத்தது 25+16.

“அட, இவ்வளவுதானா!” என்று ஒரு பிள்ளை சொல்லும்வரை பொறுங்கள். பிறகு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதைத் தமிழில் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். நிரூபணம் எழுதும் பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. துணைப்பாட வகுப்பில் சூத்திரப் பட்டியலோடு வளரும் நம் பிள்ளைகளுக்கு, படத்தைவிட அந்த ஐந்து வரி ராமானுஜனை நெருக்கமாகக் காட்டும்.