தொலைந்துபோகாத இசைத்தட்டு

பிரிஸ்பேன் நகரத்துக் கோ-பிட்வீன்ஸ் குழுவின் ஆரம்பப் பதிவுகள் 1999இல் ஒரே தொகுப்பாக வந்தன. '78 முதல் 79 வரை' என்ற தலைப்போடு 'தொலைந்த ஆல்பம்' என்றும் சேர்த்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது பெயரோடுதான் எனக்குத் தகராறு. அப்படி ஓர் ஆல்பம் இருந்ததே இல்லை. இருந்தவை, ஏபிள் லேபிள் என்ற சின்னத்தில் வெளியான இரண்டு சிறு இசைத்தட்டுகளும், டூவாங் பகுதி வீடொன்றின் படுக்கையறையில் டேப்பில் பிடித்த பாட்டுகளும்தான்.

தொலைந்தது என்றவுடனேயே ஒரு புனிதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. குழுவைத் தொடங்கிய இருவரில் க்ராண்ட் மெக்லென்னன் 2006இல் இறந்தார். பின்னாளில் அந்த நகரமே ஒரு பாலத்துக்குக் குழுவின் பெயரை வைத்தது. இதற்குப் பிறகு டேப்பின் இரைச்சல்கூடப் பிரசாதம். விமர்சனத்துக்கு இங்கே வேலையில்லை என்றாகிறது. உண்டு என்பது என் கட்சி.

1978இல் வந்த முதல் தட்டு. ஒரு பக்கம் 'லீ ரெமிக்': அமெரிக்க நடிகைமேல் ஒருவனின் மோகம்; வெறும் விளையாட்டு. மறுபக்கம் 'கேரன்': நூலகத்தில் வேலை பார்க்கும் பெண். அவள் தேடித் தரும் ஆசிரியர்களின் பெயர்களே காதல் மொழியாகிவிடுகின்றன. பாடும் ராபர்ட் ஃபார்ஸ்டருக்குக் குரல் வளம் கிடையாது. மெக்லென்னன் குழுவுக்காகவே பேஸ் கிதார் கற்றவர். அலங்காரத்துக்கு வகையில்லை. எனவே ஒரே கதியைப் பிடித்துக்கொண்டு பதற்றத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். வறுமை இங்கே பிரக்ஞைபூர்வமான தேர்வாகிவிடுகிறது.

படுக்கையறைப் பதிவுகளில் வறுமை வறுமையாகவே நிற்கிறது. உற்சாகம் உண்டு, மெட்டு உண்டு, அறுபதுகளின் அமெரிக்கப் பாட்டைக் கேட்டுப் பழகிய காது உண்டு. எதை விட்டுவிடுவது என்ற தீர்மானம்தான் இல்லை. இவை பயிற்சிகள். கேட்பதில் லாபமில்லாமல் இல்லை. 'கேரன்' செய்த கைக்கும் அது தினமும் கூடிவரவில்லை என்று தெரிகிறது. நமக்கு இது முக்கியம்.

ஆனால் ஒலி கரகரப்பதாலேயே நேர்மை என்பது, கையெழுத்துப் பிரதி என்பதாலேயே கவிதை என்பதைப் போன்றது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து வணங்கும்போது 'கேரன்'தான் சிறுத்துப்போகிறது; அதன் சாதனையும் பழைய டேப்பின் வசீகரமாகக் குறைகிறது.

'தொலைந்த' என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கேட்டால் மிஞ்சுவது ஒரு நல்ல பாட்டு, சுற்றிலும் சில முயற்சிகள். இருபதை அப்போதுதான் எட்டியிருந்த இருவருக்கு இது சின்ன விஷயமல்ல.